காப்பதும் கழிப்பதும்: அமெரிக்கக் கல்விப் படச்சுருள்களின் வரலாறு

ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த உ. வே. சாமிநாதையரின் வரலாற்றை அறிந்த நமக்கு, ஒரு நூல் அழிவதற்குப் பகைவன் ஒருவன் வேண்டியதில்லை என்பது புதிய செய்தியன்று. பழுதுற்ற ஏடுகளை ஆற்றில் விட்டவர்களும் நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டவர்களும் நூலை வெறுத்தவர்கள் அல்லர்; முறைப்படி செய்கிறோம் என்று எண்ணியே செய்தனர். அந்த எண்ணத்துக்குத் துணைநின்றவை மூன்று: வைக்க இடமில்லை, படிப்பார் இல்லை, படியெடுக்கப் பொருளில்லை. இதே மூன்று காரணங்களால், கடல்கடந்த நாடொன்றில், நம் காலத்திலேயே ஒரு பெருந்தொகுதி அழிவின் விளிம்பு வரை சென்று ஓரளவு மீண்டது. அமெரிக்கப் பள்ளிகளில் அரை நூற்றாண்டுக் காலம் காட்டப்பெற்ற 16 மில்லிமீட்டர் கல்விப் படச்சுருள்களே அத்தொகுதி. அதன் வரலாறு, எதைக் காப்பது, எதைக் கழிப்பது என்று முடிவு செய்ய வேண்டியவர்களின் வரலாறுமாகும்.

தோற்றமும் பெருக்கமும்

பள்ளிகளில் நூல்களின் இடத்தைத் திரைப்படம் விரைவில் பிடித்துவிடும் என்று 1913ஆம் ஆண்டில் தாமஸ் எடிசன் கணித்தார். அக்கணிப்பு பலிக்கவில்லை, எனினும் அதன் பின்னிருந்த ஆர்வம் வீணாகவில்லை. அக்காலத்து 35 மில்லிமீட்டர்ச் சுருள் நைட்ரேட்டால் ஆனது, எளிதில் தீப்பற்றுவது. குழந்தைகள் கூடியிருக்கும் அறைக்குள் அதைக் கொண்டுவர எவரும் துணியார். 1923இல் ஈஸ்ட்மன் கோடக் நிறுவனம், தீப்பற்றி எரியும் அச்சமற்ற அசிட்டேட் அடித்தளத்தில் 16 மில்லிமீட்டர்ச் சுருளை வெளியிட்ட பின்னரே வகுப்பறைக் கதவு திரைப்படத்துக்குத் திறந்தது. 400 அடிச் சுருள் ஒன்று ஒலியுடன் ஓட ஏறத்தாழ 11 நிமிடம் ஆகும். கல்விப் படங்களுட் பல பத்து நிமிடத்தை ஒட்டி அமைந்தமைக்கு இந்த அளவே காரணம். வெண்பாவுக்கு நான்கடி எல்லையாவது போலக் கல்விப் படத்துக்கு 400 அடி எல்லையாயிற்று எனலாம்.

இரண்டாம் உலகப் போரில் படைவீரர்களைப் பயிற்றுவிக்கப் படங்கள் பெருமளவிற் பயன்பட்டமையால், படத்தாற் கற்பிக்கலாம் என்ற நம்பிக்கை வலுப்பெற்றது. 1943இல் என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்கா பிலிம்ஸ் உருவாயிற்று. சிகாகோவுக்கு அருகே கிளென்வியூவில் கரோனெட் நிறுவனமும், கான்சஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில் சென்ட்ரான் நிறுவனமும் படங்களைத் தொடர்ந்து உருவாக்கின. 1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியதும், அமெரிக்கா தன் பள்ளிகளைக் குறித்துக் கலங்கியது. அடுத்த ஆண்டே இயற்றப்பெற்ற தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தின் வழியே கருவிகளுக்கும் படங்களுக்கும் அரசுப் பணம் பாய்ந்தது.

இப்படங்கள் கற்பித்தவை பலதிறத்தன. இலை எவ்வாறு உணவு சமைக்கிறது என்பது ஒரு படம். எரிமலை ஏன் வெடிக்கிறது என்பது மற்றொன்று. ஓர் இளைஞன் ஒரு பெண்ணைக் கேளிக்கை விழாவுக்கு எங்ஙனம் அழைக்க வேண்டும், எங்ஙனம் வீடுவரை கொண்டுவிட வேண்டும் என்பதைக் கற்பிக்க 1949இல் கரோனெட் ஒரு படமே எடுத்தது. அறிவியலும் ஒழுக்கமும் ஒரே அலமாரியில் அடுத்தடுத்து இருந்தன.

வீழ்ச்சி

1980களில் வீடியோ கேசட் பள்ளிகளுக்குள் நுழைந்தது. திரையை விரிக்க வேண்டா. அறையை இருட்டாக்க வேண்டா. சுருள் அறுந்தால் ஒட்ட ஆளும் வேண்டா. மாவட்டக் கல்வி அலுவலகங்களும் பல்கலைக்கழகங்களும் தம் படக் கிடங்குகளைக் காலிசெய்யத் தொடங்கின. சில சுருள்கள் ஏலத்துக்குப் போயின. எஞ்சியவை குப்பைக்குப் போயின. தயாரித்த நிறுவனங்களோ கைமாறின, கலைந்தன. அதனால் மூல நெகட்டிவ் எங்குள்ளது என்று சொல்லவும் பல படங்களுக்கு ஆளில்லை. ஆயிரம் பள்ளிகளில் ஓடிய படத்துக்கு ஒரே ஒரு படி எஞ்சும் நிலை இவ்வாறே உருவாயிற்று.

இருவர்

இந்நிலையில் இருவர் முயற்சி குறிப்பிடத்தக்கது. ரிக் பிரெலிங்கர் 1983இல் நியூயார்க்கில் தம் காப்பகத்தை நிறுவினார். கல்விப் படம், விளம்பரப் படம், தொழிற்சாலைப் படம் என, ஒரு காரியத்துக்காக எடுக்கப்பெற்று அக்காரியம் முடிந்ததும் மறக்கப்பெற்ற படங்களை அவர் திரட்டினார். இருபது ஆண்டுகளில் அத்தொகுதி 60,000 படங்களைத் தாண்டியது. 2002இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதனை ஏற்றுக்கொண்டது. பல்லாயிரம் படங்கள் இன்டர்நெட் ஆர்க்கைவ் வழியாக எவரும் கட்டணமின்றிக் காணவும் எடுத்தாளவும் கிடைக்கின்றன.

மற்றொருவர் வட கரோலினா மாநிலத்து ராலே நகரினரான ஸ்கிப் எல்ஷைமர். 1990களின் தொடக்கத்தில், அரசு கழித்துக்கட்டிய பொருள்களின் ஏலத்தில் ஏறத்தாழ 500 சுருள்களை 50 டாலருக்கு அவர் எடுத்தார். ஒரு சுருளுக்குப் பத்து சென்ட். அங்ஙனம் தொடங்கிய தொகுதி பின்னர் 20,000ஐயும் கடந்து வளர்ந்தது. பொதுமக்களைக் கூட்டிப் படம் காட்டுவதும், சுருள்களைக் கணினிப் படியாக்கித் தருவதும் அவர் பணியாயின.

இருவருமே அரசு அமர்த்திய காப்பாளர்களாகத் தொடங்கியவர்கள் அல்லர். பிறர் வேண்டாம் என்றதை வேண்டும் என்றவர்கள், அவ்வளவே.

முடிவு செய்யும் முறை

ஒரு கிடங்கு நிறையச் சுருள்கள் கைக்கு வந்துவிட்டன என்று கொள்வோம். முதலிற் செய்ய வேண்டியது பார்ப்பதன்று, முகர்வது. அசிட்டேட் அடித்தளம் வெப்பத்தாலும் ஈரத்தாலும் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளிப்படுகிறது. பெட்டியைத் திறந்ததும் புளித்த காடி மணம் எழும். வெளிப்பட்ட அமிலமே மேலும் சிதைவைத் தூண்டும். அருகிலுள்ள சுருள்களையும் தாக்கும். 1948இல் ட்ரைஅசிட்டேட் சுருள் அறிமுகமான பின், பத்தாண்டுக்குள்ளாகவே இச்சிதைவு பற்றிய முதல் முறையீடு கோடக் நிறுவனத்துக்குச் சென்றது. அதை அனுப்பியது இந்திய அரசு. நம் நாட்டு வெக்கையும் புழுக்கமும் உலகுக்கு முன்னறிவித்த நோய் இது.

ராச்செஸ்டர் நகரத்து இமேஜ் பெர்மனன்ஸ் இன்ஸ்டிட்யூட் இந்நோயை அளக்க ஒரு தாள்துண்டை உருவாக்கியது. சுருள் இருக்கும் பெட்டிக்குள் அதை வைத்தால், அமிலத்தின் அளவுக்கேற்ப நீலம் பச்சையாகி, மஞ்சளாக மாறும். 21 டிகிரி வெப்பத்திலும் 50 சதவீத ஈரப்பதத்திலும் புதிய அசிட்டேட் சுருள் சுமார் 40 ஆண்டுகள் தாங்கும் என்பது அந்நிறுவனத்தின் மதிப்பீடு. குளிர்ந்த, உலர்ந்த அறை அவ்வாயுளைப் பன்மடங்கு நீட்டும். நோயுற்ற சுருளைக் குணமாக்காது. ஆதலின் மணம் வீசும் சுருள்களைப் பிரித்து வைப்பதும், அவற்றுள் அரியவற்றை முதலிற் படியெடுப்பதுமே வழி.

அடுத்தது நிறம். 1950கள் முதல் 1980களின் தொடக்கம் வரை வந்த ஈஸ்ட்மன்கலர் படிகள் பலவற்றில் நீலப்பச்சைச் சாயம் வெளிறி, வானும் வயலும் ஒருங்கே செம்மை பூத்து நிற்கின்றன. கோடக்ரோம் படிகளோ வண்ணம் கெடாதிருக்கின்றன. ஒரே படத்தின் இரு படிகள் இருந்தால் எதைக் கைவிடலாம் என்பதை இங்கே கண் சொல்லிவிடும். சுருளின் ஓரத்தில் கோடக் பொறித்த வட்டமும் சதுரமும் முக்கோணமும் அச்சுருள் எந்த ஆண்டில் உற்பத்தியானது என்பதை அறிய உதவும். ஏட்டின் எழுத்தமைதி கண்டு காலம் கணிப்பதற்கு நிகரானது இது.

மூன்றாவது உரிமை. 1964க்கு முன் அமெரிக்காவில் வெளியான படைப்பின் பதிப்புரிமையை 28ஆம் ஆண்டில் புதுப்பிக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. கல்விப் படங்கள் பலவற்றுக்கு எவரும் புதுப்பிக்கவில்லை, அவை பொதுவுடைமையாயின. 1964 முதல் 1977 வரை வெளியானவற்றுக்கோ 1992ஆம் ஆண்டுச் சட்டம் தானாகவே உரிமையை நீட்டித்தது. உரிமையாளர் இன்னாரெனத் தெரியாது. ஆனால் உரிமை உண்டு. இத்தகையவற்றை அநாதைப் படங்கள் என்பர். இவற்றை ஆராயவென்றே 1999இல் தென் கரோலினாப் பல்கலைக்கழகத்தில் ஒரு கருத்தரங்கு தொடங்கப்பெற்றது. புறக்கணிப்பால் விடுதலை பெற்ற படங்களும், பாதுகாப்பாற் சிறைப்பட்ட படங்களும் ஒரே அலமாரியில் இருக்கின்றன என்பது இவ்வரலாற்றின் விந்தை.

தகுதி என்னும் வினா

நான்காவது வினாவே கடினமானது: இவை காக்கத் தகுந்தவைதாமா? நடிப்பு விறைப்பானது, அறிவுரை சலிப்பூட்டுவது. பெண்ணுக்கு அடுக்களையையே இடமாக வகுத்த படங்கள் உண்டு. கறுப்பின மக்கள் அந்நாட்டில் வாழவே இல்லை என்று எண்ணச் செய்யும் படங்கள் உண்டு. கவிஞர்கள் கூடிய அவையில், கழித்தலின் தேவையை எவரும் மறுக்க இயலாது. அடித்து எழுதாமல் எவரும் கவிதை செய்வதில்லை. எல்லாவற்றையும் காப்பதற்கு இடமும் பொருளும் எந்நாட்டிலும் இல்லை.

ஆயினும் கவிதையிற் சொல்லைக் கழிப்பவன் தன் சொல்லைக் கழிக்கிறான். கிடங்கிற் சுருளைக் கழிப்பவன் பிறர் சாட்சியத்தைக் கழிக்கிறான். 1951இல் எடுக்கப்பெற்ற ‘டக் அண்ட் கவர்’ என்னும் படம், அணுகுண்டு வெடித்தால் மேசைக்கடியிற் பதுங்குமாறு ஓர் ஆமையைக் கொண்டு குழந்தைகளுக்குப் போதித்தது. கலை நோக்கில் அது சிறந்த படமன்று. அதன் அறிவுரையும் நகைப்புக்குள்ளாயிற்று. ஆனால் அச்சத்தை ஓர் அரசு தன் குழந்தைகளிடம் எந்தக் குரலிற் பேசியது என்பதை அதைப்போற் காட்டும் ஆவணம் வேறில்லை. 2004இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அது இடம்பெற்றது. தவறான பாடமும் வரலாற்றுக்குச் சரியான சான்றே. கறுப்புக் குழந்தை இல்லாத வகுப்பறைப் படத்தை அழித்துவிட்டால், அக்குழந்தை விலக்கப்பெற்றதற்கான சான்றும் உடன் அழிகிறது.

இவ்வுண்மை நமக்கு அயலானதன்று. கோட்டையூர் ரோஜா முத்தையா, புலவர்கள் ஏறெடுத்தும் பாராத குஜிலிப் பதிப்புகளையும் நாடக நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும் நூல்களோடு சேர்த்தே திரட்டினார். அவர் மறைவுக்குப் பின் சிகாகோப் பல்கலைக்கழகம் அத்தொகுதியைப் பெற்று, தமிழ்நாட்டிலேயே வைத்துக் காக்க முன்வந்தது. 1994இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. அன்று அவரும் தகுதி பார்த்திருந்தால், இன்று நாம் எழுதும் சமூக வரலாற்றிற் பல பக்கங்கள் வெறுமையாக இருக்கும்.

ஆகவே மூன்று நெறிகளை முன்வைக்கலாம். பட்டியல் எழுதாமல் எதையும் கழிக்கலாகாது. கழித்ததன் பெயராவது எஞ்ச வேண்டும். மற்றொரு படி வேறிடத்தில் உண்டு என்று உறுதி செய்யாமல் எதையும் மிகையென்று கொள்ளலாகாது. படியெடுத்தபின் மூலத்தை வீசிவிடலாகாது. இன்றைய கருவி காணாததை நாளைய கருவி காணக்கூடும். தன்னால் காக்க இயலாதவன், இயன்றவர் கையில் ஒப்படைப்பதே முறை. பிரெலிங்கரும் அதையே செய்தார்.

பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்திடமும் ஒரு தொகுதி உண்டு. கூட்ட அழைப்பிதழ்கள், வருகைப் பதிவேடுகள், ஒலிப்பதிவுகள், அச்சேறாத கட்டுரைகள், நன்றாக அமையாத கவிதைகளும்கூட. இம்மலரில் இடம்பெற்றவை நாம் தேர்ந்தவை. இடம்பெறாதவற்றுக்கும் ஒரு பட்டியலை இவ்வாண்டே எழுதத் தொடங்குவோமாக.