பனிவெளியும் மாந்தரும்: ஆங்கில நாட்டுப்புற ஒளிப்படக் கலையில் குளிர்காலம்

ஆங்கில நாட்டுப்புறம் என்றவுடன் மனக்கண்ணில் எழுவது பெரும்பாலும் கோடைக்காலமே. பசும்புல்வெளி, ஆற்றோரத்து ஆலை, மர நிழல் ஆகியவற்றைக் கொண்ட அக்காட்சியை உலகெங்கும் பரப்பியதில் ஓவியர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. கான்ஸ்டபிள் 1821இல் தீட்டிய உலர்புல் வண்டி ஓவியம் இதற்குத் தக்க சான்று. ஆயின், அம்மண்ணில் உழைத்து வாழ்ந்தோர் ஆண்டுதோறும் கடந்தாக வேண்டிய காலம் மற்றொன்று இருந்தது. டிசம்பரில் பகற்பொழுது ஏறத்தாழ 8 மணி நேரமே. சேறும் உறைபனியும் நிறைந்த அக்குறுகிய பகலுக்குள் ஆடுமாடுகளுக்குத் தீனி தேடியாக வேண்டும். வேலியைச் செப்பனிட வேண்டும். விறகும் சேர்க்க வேண்டும். இக்காலத்தை ஒளிப்படக் கலை எவ்வாறு எதிர்கொண்டது, அப்பனிவெளியில் மனிதனுக்கு எத்தகைய இடம் தந்தது என்பன ஆராயத்தக்கன.

இவ்வரலாற்றில் முதற்கண் எண்ணத்தக்கவர் பீட்டர் ஹென்றி எமர்சன் (1856–1936). கியூபாவில் பிறந்து, இங்கிலாந்தில் மருத்துவம் பயின்று, பின் அத்தொழிலைத் துறந்து ஒளிப்படக் கலைக்கு வந்தவர் அவர். இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியான நார்ஃபோக்கில் பிராட்ஸ் எனப்படும் ஆழங்குறைந்த ஏரிகளும் சதுப்பு நிலங்களும் உள்ளன. ஓவியர் குடாலுடன் இணைந்து அப்பகுதி வாழ்வைக் குறித்து 1886இல் அவர் உருவாக்கிய நூல் 40 பிளாட்டினப் படங்களைக் கொண்டது. நாணல் அறுப்போர், மீன் பிடிப்போர், வேலை முடிந்து சதுப்பு நிலத்திலிருந்து வீடு திரும்புவோர் எனத் தொழிலாளரே அதன் மாந்தர். கூரை வேயப் பயன்படும் நாணலை அங்குக் குளிர்காலத்திலேயே அறுப்பர். நாணலைப் போராக அடுக்கும் காட்சியை எமர்சன் பதிவு செய்தபோது, அவ்வூரின் குளிர்கால உழைப்பும் உடன் பதிவாயிற்று.

அக்காலத்தில் புகழ் பெற்றிருந்த ஹென்றி பீச் ராபின்சன், உழைப்பாளி அல்லாதாருக்கு நாட்டுப்புற உடை அணிவித்துப் படமெடுத்தார்; பல எதிர்மறைகளை ஒட்டி ஒரே படமாக்கினார். இதனை எமர்சன் கடுமையாக எதிர்த்தார். கண் காணும் உண்மையே கலைக்கு அடிப்படை என 1889இல் தனி நூலே எழுதினார். எனினும், மறு ஆண்டிலேயே அக்கொள்கையை அவரே கைவிட்டார். படத்தின் ஒளிச்செறிவு வேதியியல் விதிக்குக் கட்டுப்பட்டது என்று ஹர்ட்டர், டிரிஃபீல்ட் ஆகியோர் 1890இல் நிறுவியமை அதற்குரிய காரணங்களுள் ஒன்று. கலைஞன் விரும்பியவாறு ஒளியை மாற்ற இயலாதெனில் ஒளிப்படம் கலையாகாது என்று அவர் முடிவு கட்டினார்.

இம்மனமாற்றத்திற்குப் பின்னும் அவர் படமெடுப்பதை நிறுத்தவில்லை. 1890–91ஆம் ஆண்டுகளில் வெர்ரி எனும் பாய்மரச் சரக்குப் படகில் தங்கி அந்நீர்நிலைகளிலேயே உலவினார். அவ்வாண்டுக் குளிர் இங்கிலாந்தில் மிகக் கடுமையானது. 1895இல் வெளிவந்த அவருடைய ‘சதுப்பு நில இலைகள்’ என்னும் நூலின் 16 படங்களில் மூடுபனி, பனி போர்த்த தோட்டம், தனித்த நீர்நிலை ஆகியனவே மேலோங்குகின்றன. நூலின் உரைப்பகுதியில் ஊர் மக்கள் பேசுகின்றனர். படங்களிலோ மனித உருவம் அருகிவிட்டது. அழகு உச்சம் பெற்ற இடத்தில் உழைப்பாளி மறைந்துபோனான் என்பதே இந்நூல் எழுப்பும் சிக்கல்.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வெறுமையை வேறு வகையில் பயன்கொண்டவர் பில் பிராண்ட். எமிலி பிராண்டியின் புதினத்தோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் யார்க்‌ஷயரின் டாப் விதன்ஸ் என்னும் பாழ்மனையை 1945இல், குளிர்காலத்தின் கடுமை தோன்ற அவர் படமாக்கினார். அதன் வானம் வேறோர் எதிர்மறையிலிருந்து சேர்க்கப்பட்டது. எமர்சன் வெறுத்த ஒட்டு முறையே இங்கு இலக்கிய உணர்வை எழுப்பத் துணை நின்றது. நிலக்கரித் தட்டுப்பாட்டால் நாடே நடுங்கிய 1947இல், பனி சூழ்ந்த ஸ்டோன்ஹெஞ்சைக் காட்டும் அவருடைய படம் ஏப்ரல் 19 நாளிட்ட ‘பிக்சர் போஸ்ட்’ இதழின் அட்டையை அணி செய்தது. நாட்டின் இடர் அதில் குறியீடாயிற்று. குளிரில் வாடிய மனிதன் அங்கும் நேரே தோன்றவில்லை.

அம்மனிதனை மீண்டும் பனிவெளிக்கு அழைத்து வந்தவர் ஜேம்ஸ் ரவிலியஸ் (1939–1999). ஓவியர் எரிக் ரவிலியஸின் மகனான இவர், இலண்டனில் ஓவியம் கற்பித்தவர். 1972இல் வட டெவனில் குடியேறினார். அங்குள்ள பீஃபோர்ட் கலை மையத்திற்காக வட்டார வாழ்வைப் படமெடுக்கும் பணியை ஏற்று, 1989 வரை 17 ஆண்டுகள் அதனை நிறைவேற்றினார். ஒரு சில கல் தொலைவுக்குள் அடங்கும் ஊர்களில் அவர் எடுத்த படங்கள் 70,000க்கும் மேற்பட்டவை.

பனி ஒளிப்படத்திற்கு எளிதில் வசப்படாத பொருள். வெண்பனியின் ஒளிக்கு ஏற்பப் படமெடுத்தால் மனிதரின் முகமும் உடையும் கரிய நிழலாகும். முகத்திற்கு ஏற்ப எடுத்தால் பனி வெறுந்தாளாகும். ரவிலியஸ் மேற்பூச்சற்ற பழைய வில்லைகளைத் தேடிப் பயன்படுத்தினார். ஒளியைச் சற்று மிகுதியாக ஏற்று, படச்சுருளை மென்மையாகக் கழுவினார். இதனால், கதிரவனை எதிர்நோக்கி எடுத்த படத்திலும் நிழலுக்குள் இருந்தவை புலப்பட்டன. பனியையும் இழக்காமல் மனிதனையும் இழக்காமல் காக்கும் வழியாக அவருடைய தொழில்நுட்பம் அமைந்தது.

ஆடுகளுக்குத் தீனியாக ஐவிக் கொடியைக் கொண்டு செல்லும் முதியவரை 1975இல் அவர் படமெடுத்தார். தென்மேற்கு இங்கிலாந்தைப் பெரும் பனிப்புயல் தாக்கிய 1978இல், பனிக்காற்றினூடே ஆட்டுக்குட்டியை மீட்டு வரும் உழவரைப் பதிவு செய்தார். இவ்விரண்டும் டால்ட்டன் என்னும் ஊரை அடுத்து எடுக்கப்பட்டவை. முதியவர் அவருக்கு நன்கு பழகிய அண்டை வீட்டார். கருவியைக் கண்டு நிமிர்ந்து நிற்கவேண்டிய தேவை அவருக்கு இல்லை. நீண்ட நாள் உடனுறைவு தந்த உரிமை அது. கூடவே, ஊரார் வீடுகளிலிருந்த ஆயிரக்கணக்கான பழைய படங்களையும் ரவிலியஸ் படியெடுத்துச் சேர்த்தார். தம் படங்கள் அவ்வூர் நினைவின் தொடர்ச்சியே என்ற தெளிவு அவரிடம் இருந்தமையை இச்செயல் உணர்த்துகிறது.

எமர்சனின் பனி அழகின் எல்லையைக் காட்டுகிறது. பிராண்டின் பனி நாட்டின் துயரைக் குறிக்கிறது. ரவிலியஸின் பனியிலோ ஒருவருக்கு அன்றைய வேலை இருக்கிறது. முதல் இருவரின் ஆற்றலை இவ்வேறுபாடு குறைத்துவிடாது. எனினும், நிலத்தையும் பொழுதையும் பாடுகையில் அங்கு வாழ்வோர் எங்கே என்று ஒவ்வொரு பாவலரும் தம்மைக் கேட்டுக்கொள்ள இவ்வரலாறு இடந்தருகிறது. கொட்டும் பனியில் ஓர் உழவர் ஆட்டுக்குட்டியோடு வருகிறார். படம் பிடித்தவர் அவ்வூரிலேயே வாழ்ந்தவர். மறுநாளும் அதே பாதையில் அவரைக் கண்டு நலம் கேட்கவேண்டியவர்.