ஹோன் சுய் சென்: அதிகாரி, வங்கியாளர், அமைச்சர்

நம் தோட்டங்களில் அந்நாளில் பெரிய உத்தியோகம் என்றால் கிராணி வேலைதான். பிள்ளை நாலெழுத்துப் படித்துவிட்டால், "ஆபீசில் ஒரு நாற்காலி கிடைக்காதா?" என்று பெற்றோர் ஏங்குவர். கிடைத்துவிட்டால் அதற்குமேல் அவனிடம் யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை. அரசாங்க நாற்காலி கிடைத்தும் அதோடு நின்றுவிடாத ஒருவரைப் பற்றி இன்று பேசுவோம்.

அவர் பெயர் ஹோன் சுய் சென். 1916இல் நம் பினாங்கில் பிறந்தவர். சிங்கப்பூர் ராஃபிள்ஸ் கல்லூரியில் பயின்று, 1939இல் அரசாங்கப் பணியில் சேர்ந்தார். படிப்படியாக உயர்ந்து நில ஆணையரானார். பின்னர் நிதியமைச்சின் நிரந்தரச் செயலாளர் ஆனார். எந்த நிலம் யாருடையது, எது சதுப்பு, எது மேடு என்று கோப்புக் கோப்பாகப் பார்த்த அனுபவம் பின்னாளில் அவருக்குக் கைகொடுத்திருக்கும் என்பது நம் எண்ணம்.

1961 ஆகஸ்டில் சிங்கப்பூர் பொருளியல் வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கியபோது, அதன் முதல் தலைவர் அவரே. வேலையில்லாத் திண்டாட்டம் மிகுந்திருந்த காலம் அது. இறால் குட்டைகளும் சதுப்பும் ரப்பர்க் காடும் கிடந்த ஜூரோங்கை மேடாக்கித் தொழிற்பேட்டை அமைத்தார்கள். முதலில் தொழிற்சாலைகள் வரத் தயங்கின. நிதியமைச்சர் கோ கெங் சுவீயின் மடமை என்றுகூடச் சிலர் அதற்குப் பெயர் வைத்தனர். குட்டையை நம்பிப் பிழைத்தவர்கள் இடம்பெயர வேண்டியிருந்தது என்பதையும் நாம் மறக்கலாகாது.

1968இல் இடி விழுந்தது. பிரிட்டிஷ் படைகள் சிங்கப்பூரைவிட்டு வெளியேறும் என்று லண்டன் அறிவித்தது. நாட்டு வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்தப் படைத்தளங்களால் வந்தது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் தமிழரும் மலையாளிகளும் ஏராளமாக வேலை செய்தனர். தோட்டத் துண்டாடலைக் கண்ணால் கண்ட நமக்கு அவர்கள் பட்ட அச்சத்தை விளக்கத் தேவையில்லை. துரை கைமாறினால் லயமும் கைமாறும் அல்லவா? தளங்களைத் தொழிலுக்குத் திருப்பும் பொறுப்பை ஹோனிடம் ஒப்படைத்தனர். கடற்படைக் கப்பல்துறை ஒரே ஒரு வெள்ளி விலைக்குச் சிங்கப்பூர் அரசின் கைக்கு வந்து, செம்பவாங் கப்பல் பட்டறையானது. எல்லாருடைய வேலையும் தப்பவில்லை. பலர் மூட்டை கட்டிக்கொண்டு இந்தியாவுக்குக் கப்பலேறினர். ஆயினும் பட்டறையின் கதவு அடைபடவில்லை.

அதே ஆண்டு ஜூலையில் டி.பி.எஸ். வங்கி உருவாயிற்று. தொழிலுக்குக் கடன் கொடுக்கும் வேலை கழகத்திடமிருந்து அந்த வங்கிக்குப் போயிற்று. ஹோனும் அதன் தலைவராகப் போனார். வியாபாரம்தான், ஆனால் சொந்தக் கடை அன்று, அரசு பெரும்பங்கு போட்ட வங்கி. கோப்பு எழுதியவர் இப்போது போட்ட பணம் திரும்பி வருமா என்று கணக்குப் பார்க்க வேண்டியதாயிற்று.

1970இல் இடைத்தேர்தல் வழியாக நாடாளுமன்றம் புகுந்து, அவ்வாண்டே நிதியமைச்சரானார். அப்போது வயது 54. சட்டம் எழுதியவரே கடன் கொடுத்து, அவரே கஜானாவையும் ஆள்வது சரியா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கண்காணிக்க ஆள் இல்லாத இடத்தில் இவ்வழி ஆபத்தானது என்றே நாமும் நினைக்கிறோம். ஆனால் வேலையிழப்பின் வலியைக் கோப்பிலும் பட்டறையிலும் பார்த்த ஒருவர் வரவுசெலவுத் திட்டம் போடுவது வேறு வகைதான்.

அவருடைய கழகத்தில் பணியாற்றி, வங்கிக்கும் சென்ற ஒரு தமிழரும் இதே வழியில் நடந்தார். அவர் சு. தனபாலன், 1980இல் வெளியுறவு அமைச்சரானார்.

ஹோன் ஓய்வு பெறவே இல்லை. 1983 அக்டோபர் 14ஆம் நாள் இறந்தபோதும் அவர் நிதியமைச்சர்தான்.