மருத்துவச் சீட்டில் ஓர் எழுத்து

1915இல், முதல் உலகப் போரின்போது, ஹாரி ஃபார் என்ற பிரிட்டிஷ் சிப்பாய் ஐந்து மாதம் ராணுவ மருத்துவமனையில் கிடந்தார். உடம்பில் காயம் எதுவும் இல்லை. கைதான் பேனா பிடிக்க விடாமல் நடுங்கியது. லண்டனில் இருந்த மனைவி கெர்ட்ரூடுக்கு அவர் சார்பில் நர்ஸ்தான் கடிதம் எழுதினார்.

அந்த நடுக்கத்துக்கு அதே ஆண்டு பிப்ரவரியில்தான் அச்சில் ஒரு பெயர் கிடைத்திருந்தது. மருத்துவர் சார்லஸ் மயர்ஸ் 'லான்செட்' இதழில் மூன்று வீரர்களின் நிலையை விவரித்து, அதை 'ஷெல் ஷாக்' என்றார். அருகில் குண்டு வெடித்ததால் நரம்பு கலங்கிவிட்டது என்பதுதான் முதலில் இருந்த எண்ணம். குண்டு வெடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே இல்லாதவர்களும் பேச்சிழந்து வந்து சேர்ந்தபோது அந்த விளக்கம் ஆட்டம் கண்டது. மயர்ஸுக்கே பிற்பாடு அந்தப் பெயர் பிடிக்காமல் போயிற்று.

ராணுவத்துக்கோ கணக்கு வேண்டும். எதிரியின் குண்டால் வந்த பாதிப்பு என்றால் சீட்டில் 'டபிள்யூ' என்று எழுதினார்கள். அவர் காயம்பட்டவர், சட்டைக் கையில் காயப் பட்டையும் பென்ஷன் உரிமையும் உண்டு. வெடிப்பு இல்லாமல் மனம் முறிந்தவருக்கு 'எஸ்'. அவர் வெறும் நோயாளி. பட்டையும் இல்லை, பென்ஷனும் இல்லை. வீட்டில் உலை கொதிப்பது டாக்டர் போடும் எழுத்தைப் பொறுத்தது.

ஃபாருக்கு அந்தப் பேச்சுக்கே இடமில்லாமல் போனது. 1916 செப்டம்பரில், சோம் போர்முனையில், முன்வரிசைக்குப் போக முடியாது என்றார். அக்டோபர் 2ஆம் தேதி ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். அவருக்காக வாதாட ஆளில்லை. அவரை அறிந்த மருத்துவரும் காயம்பட்டு அங்கிருந்து போய்விட்டிருந்தார். 16ஆம் தேதி விடியற்காலையில் 'கோழை' என்று சுட்டுக் கொன்றார்கள். வயது 25.

தண்டனை அத்தோடு நிற்கவில்லை. செய்தி வந்த கடிதத்தை யார் கண்ணிலும் படாமல் கெர்ட்ரூடு ரவிக்கைக்குள் செருகிக்கொண்டார். பென்ஷன் நின்றது, வீடும் போயிற்று. மூன்று வயது மகளை வைத்துக்கொண்டு பிறர் வீட்டு வேலைக்குப் போனார். அப்பா எப்படிச் செத்தார் என்பது மகளுக்குத் தெரியவரும்போது அவளுக்கு நாற்பது வயது. போர்முனையில் தொடங்கிய மௌனம் அவ்வளவு காலம் அந்த வீட்டில் குடியிருந்தது.

போர் முடிவதற்குள் பிரிட்டிஷ் படையில் மட்டும் சுமார் 80,000 பேருக்கு 'ஷெல் ஷாக்' பதிவானது. 1922இல் அரசு விசாரணைக் குழு 'ஷெல் ஷாக்' என்ற சொல்லையே விடச் சொன்னது. பழைய பென்ஷன் செலவை மறக்காத அரசு, 1939இல் அடுத்த போர் தொடங்கும் வேளையில், மனப் பாதிப்புக்குப் போர்க்காலத்தில் பென்ஷன் கிடையாது என்று முடிவெடுத்தது. பிறகு அதைத் தளர்த்த வேண்டிவந்தது. மருத்துவம் தயங்கிய இடத்தில் கஜானா தயங்கவில்லை!

பின்னாளில் அமெரிக்காவில், வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களே தங்கள் மனப் பாதிப்பைப் பற்றி வட்டமாக உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். அதை நோயாக ஏற்க வேண்டும் என்று அவர்களோடு உட்கார்ந்த மனநல மருத்துவர்களும் வாதாடினார்கள். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் 'பி.டி.எஸ்.டி' இடம்பெற்றது. பேரதிர்ச்சி விட்டுச் செல்லும் மனநோய் என்று பொருள். சிப்பாயின் குணக்கேட்டைத் தேடாமல் அவர் பட்டதைக் காரணமாகச் சொன்னதுதான் இதில் புதிது.

கெர்ட்ரூடு 1993இல் 99 வயதில் இறந்தார். 2006இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அந்த முதல் போரில் சுட்டுக் கொல்லப்பட்ட ஃபார் உட்பட 306 பேருக்கு மன்னிப்பு வழங்கியபோது, அதற்காகப் போராடிய மகள் தொண்ணூறைத் தாண்டியிருந்தார். அந்த மன்னிப்பு பழைய தீர்ப்பை ரத்து செய்யாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.