போர்க்களத்திலிருந்து கணனித்திரைக்கு: இரு கொலைச்சொற்களின் வரலாறு

சொற்கள் தாம் பிறந்த சூழலை விட்டு நெடுந்தூரம் செல்லுந்தோறும் தம் பிறப்பின் நினைவை இழந்துவிடுதல் மொழி வரலாற்றிற் பொதுவாகக் காணப்படும் இயல்பாகும். கணனித்திரையிற் சுட்டு விளையாடுவோரிடையே வழங்கும் 'பிராக்', 'ஜிப்' என்னும் இரு ஆங்கிலக் குழூஉக்குறிகள் இதற்குத் தக்க சான்றுகளாகும். எதிரியைக் கொல்லுதல் 'பிராக்' எனப்படும். கொல்லப்பட்டவனின் உடல் துண்டுதுண்டாய்ச் சிதறுதல் 'ஜிப்' எனப்படும். முன்னது போர்க்களத்திலும் பின்னது சமையலறையிலும் பிறந்தவை.

'பிராக்' என்பது, வெடித்துச் சிதறும் கைக்குண்டைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரின் குறுக்கமாகும். 1969இல் வியட்நாமில் ஐந்து இலட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர் இருந்தனர். அவ்வாண்டிலேயே படைவிலக்கல் தொடங்கியது. முடியப்போகும் போரில் இறுதியாக மடிய எவரும் விரும்பவில்லை. இனப்பகையும் போதைப்பொருட் பழக்கமும் படைக்குள் ஒழுங்கைக் குலைத்தன. இந்நிலையில், தம்மை ஆபத்துக்குள் செலுத்திய அதிகாரிகள் உறங்கும் இடத்திற் சிப்பாய்கள் கைக்குண்டை எறியும் நிகழ்ச்சிகள் பெருகின. துப்பாக்கிக் குண்டை ஆராய்ந்து சுட்டவனை அறியலாம்; கைக்குண்டோ எறிந்தவனைக் காட்டிக்கொடுப்பதில்லை. நூற்றுக்கணக்கில் நிகழ்ந்த இக்குற்றத்துக்கே அப்பெயர் வழங்கிற்று. எனவே, அச்சொல் முதலிற் சுட்டியது பகைவனைக் கொல்லுதலை அன்று, தன் படையைச் சேர்ந்தவனைக் கொல்லுதலையே என்பது ஈண்டு நோக்கற்பாலது.

இறுதி அமெரிக்கப் போர்ப்படைகள் 1973இல் வியட்நாமை விட்டு நீங்கின. இருபது ஆண்டுகளின் பின், 1993 டிசெம்பர் 10ஆந் திகதி, ரெக்சாஸ் மாநிலத்தில் இயங்கிய 'இட் சொவ்ற்வெயார்' நிறுவனம் 'டூம்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. கணனிகளை இணைத்துப் பலர் ஒருவரையொருவர் வேட்டையாடும் முறை அதில் அமைந்திருந்தது. ஒவ்வொருவரும் செய்த கொலைகளின் தொகை 'பிராக்' என்னும் தலைப்பின்கீழ்த் திரையில் தோன்றியது. படைநீதிமன்றம் விசாரிக்க வேண்டிய குற்றத்தின் பெயர் வெற்றிப் புள்ளியின் பெயராயிற்று.

'ஜிப்' என்பதன் வரலாறு வேறு. ஆங்கிலேயர் கோழி முதலிய பறவைகளின் ஈரல், இதயம், இரைப்பை ஆகியவற்றை 'ஜிப்லெற்' என்பர். பழைய பிரெஞ்சு மொழியில் இதன் மூலச்சொல் வேட்டை இறைச்சிக் குழம்பைக் குறித்தது. இச்சொல்லைக் குறுக்கிச் சிதறிய உடலுக்கு இட்டவர் 'டூம்' விளையாட்டின் ஓவியருள் ஒருவரான ஏட்ரியன் கார்மாக் என்பர். 1997இல் வெளியிடப்பட்ட அதன் நிரலில் இதற்குரிய விதி தெளிவாக உள்ளது. உயிர்வலு 20 உடைய சிப்பாய் பூச்சியத்தை அடைந்தால் மடிவான். ஒரே அடியில் அவ்வலு எதிர்மறை 20இற்கும் கீழே இறங்கினால் உடல் சிதறும். கொல்லத் தேவையானதன் இரு மடங்கையும் விஞ்சிய அடிக்கே இக்காட்சி உரியது. சொல்லை எழுத்தில் மட்டும் கண்ட பலர் அதனைக் 'கிப்' என்றே ஒலிக்கின்றனர். சமையலறை அவர்களது நினைவில் இல்லை.

அரசுகள் இக்காட்சிகளைக் கண்டு வாளாவிருக்கவில்லை. 'டூம்' வெளிவந்ததற்கு முதல் நாளன்று, வேறு விளையாட்டுக்களின் வன்முறை குறித்து அமெரிக்க செனற் சபைக் குழுவொன்று விசாரணை நடத்தியது. 1994இல் வயதுத் தரப்படுத்தும் அமைப்பு உருவாயிற்று. அதே ஆண்டில் ஜேர்மனி 'டூம்' விளையாட்டை இளையோருக்குத் தகாதவற்றின் பட்டியலிற் சேர்த்து, 2011 வரை வைத்திருந்தது. 1998இல் வெளியான 'ஹாவ் லைவ்' விளையாட்டின் ஜேர்மன் பதிப்பில் மனிதப் படைவீரர்க்குப் பதிலாக இயந்திர மனிதர் நிறுத்தப்பட்டனர். காட்சி தணிக்கைக்குட்பட்டது, சொல்லோ எத்தடையுமின்றி உலகெங்கும் பரவிற்று.

இச்சொற்களை வழங்கும் இளைஞர் கொடியவர் எனல் பொருந்தாது. வியட்நாமில் ஒரு தலைமுறை அடைந்த அச்சமும் வெறுப்பும் அவர்களைச் சென்றடையவில்லை என்பதே கருதத்தக்கது. எனினும் பழம்பொருளின் எச்சமொன்று 'டூம்' விளையாட்டினுள்ளேயே உண்டு. பலர் ஓரணியாய் நின்று ஆடும் முறையில் 'பிராக்' என்னும் நிரல் வழக்கமாகத் தோன்றுவதில்லை. ஒருவர் தம் தோழரைக் கொன்றுவிட்டால் அது முடிவுத் திரையில் எழுந்து நிற்கும். ஆடுவோர் மறந்த வியட்நாம் அந்த நிரலில் இன்னும் எழுதப்பட்டிருக்கிறது.