அரசுப் பணமும் நம்ம தண்ணியும்

புதுக்கோட்டை வானம் பார்த்த பூமி. பெய்யுற மழையைக் கண்மாயில் பிடித்து வைத்தால்தான் சோறு. இந்தப் பக்கத்துப் பழைய குமிழித் தூம்புகளில் கல்வெட்டுகள் உண்டு. நான் படித்தவற்றில் குமிழி வைத்துக் கொடுத்தவன் பேரு இருக்கு. மூச்சடக்கி முங்கி அடைப்பைத் திறந்தவன் பேரு இல்லை.

எங்க தாத்தா நீர்க்கட்டி. மடை திறப்பது, கடைமடைவரை தண்ணி தள்ளுவது, அடைமழை ராத்திரியில் கரையைச் சுத்தி வருவது எல்லாம் சேரிக்காரன் வேலை. கூலி, அறுப்புக் களத்தில் அளந்து போடுற நெல்லு. அவர் பாய்ச்சுன வயல்ல ஒரு குழிகூட அவருக்குச் சொந்தமில்லை. மடையன் என்பது இன்று வசவு. மடையில் முங்கியவனுக்கும் அதே பேருதான்.

பக்கத்துச் சென்னை மாகாணத்தில் வெள்ளைக்காரன் இதைச் சட்டமாகவே எழுதினான். 1858ஆம் ஆண்டின் முதலாம் சட்டப்படி, கரை உடையும் ஆபத்து வந்தால் அக்கம்பக்கத்து உழைக்கும் வகுப்பு ஆம்பளைகளை வேலைக்கு இழுக்கலாம். வர மறுத்தால் தண்டனை. கரைக்குக் கீழே நின்ற பயிர் யாருடையது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

அந்தத் தண்ணியைத் தொடும் உரிமை வேறு வழியாக வந்தது. 1923இல் பம்பாய் சட்டசபையில் போலே கொண்டுவந்த தீர்மானம், பொதுப் பணத்தில் கட்டிய, பராமரிக்கிற நீர்நிலைகள் தீண்டப்படாதோருக்கும் திறந்தவை என்றது. அந்தக் காகிதத்தை நம்பித்தான் 1927 மார்ச் 20இல் அம்பேத்கர் மகாடு சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணி குடித்தார். அடி விழுந்தது; பிறகு குளத்துக்குத் ‘தீட்டு’ கழித்தார்கள். சென்னை சட்டசபையில் 1924இல் இரட்டைமலை சீனிவாசன் பொதுச் சாலை, கிணறு, குளங்களுக்காகப் போராடினார். நம்மூரோ தனிச் சமஸ்தானம். 1948 மார்ச் 3இல்தான் இந்தியாவோடு இணைந்தது. அப்புறம் அரசமைப்புச் சட்டம் 15(2): அரசு நிதியில் முழுசாகவோ பகுதியாகவோ பராமரிக்கப்படும் கிணறு, குளம், படித்துறை எவருக்கும் மறுக்கப்படக் கூடாது.

அதாவது, அரசுப் பணம் பட்டால் அது பொதுத் தண்ணி. நம்ம சனம் தலைமுறையாகக் கொட்டின உழைப்பு பணமாகக் கணக்கில் ஏறவே இல்லை. 2017இல் குடிமராமத்து என்று அரசு முதல்கட்டமாக 100 கோடி ஒதுக்கியது. வேலை ஆயக்கட்டுதாரர் சங்கங்கள் வழியாக. ஆயக்கட்டில் நிலமில்லாதவனுக்கு அங்கே என்ன பேச்சு? மண்வெட்டி வேலைகூட மிச்சமில்லை, பொக்லைன் வந்துவிட்டது.

சரி, முழுக்க அரசுப் பணம் போட்டால்? அதையும் பார்த்துவிட்டோம். வேங்கைவயலில் தலித் குடியிருப்புக்கென்று 10,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி. பிள்ளைகளுக்கு உடம்பு முடியாமப் போனபிறகு, 2022 டிசம்பர் 26இல் ஏறிப் பார்த்தால் உள்ளே மலம். தலித்துகள் புழங்கும் நீரைக் கெடுப்பது 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலேயே குற்றம். 2023 ஜனவரியில் வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. இரண்டு வருஷம் கழித்து, 2025 ஜனவரியில், அதே தலித் மக்களில் மூன்று பேர்மீது குற்றப்பத்திரிகை. ஊர்ச்சனம் ஏற்கவில்லை, சி.பி.ஐ. விசாரணை கேட்டார்கள்.

கலந்தது யார் என்பது கோர்ட்டு விவகாரம். நம்ம சனத்துக்கென்று தனித்தொட்டிக்கு எஸ்டிமேட் போட்ட கை எது? அதை எந்தப் போலீஸ் விசாரிக்கும்?