வந்தவாசிக்கு ஒரு நாள்

பேரப்பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமை வந்தவாசிக்கு அழைத்துப் போகிறேன். புதுச்சேரியிலிருந்து காலை ஆறு மணிக்கு வேன், திண்டிவனம் வழியாக.

பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்குத் துய்ப்ளேக்ஸின் பெருமையைப் பக்கம் பக்கமாகச் சொன்னார்கள். 1760 ஜனவரி 22-ஐ இரண்டே வரியில் முடித்துவிட்டார்கள். தோல்வி அல்லவா!

முதலில் கோட்டை. ஆங்கிலேயரிடம் இழந்த அதை மீட்க லாலி முற்றுகையிட்டார்; காக்க அயர் கூட் வந்தார். பிறகு ஊருக்கு வெளியே போர்க்களம். பிரெஞ்சுக்காரர் ஒரு குளக்கரையை அரணாக்கியிருந்தார்கள். அங்கிருந்த வெடிமருந்து வண்டியில் ஆங்கிலேயரின் குண்டு பாய்ந்து வெடித்தது, அணி குலைந்தது. நம் புஸ்ஸி வீதியின் புஸ்ஸி சிறைப்பட்டது அன்றுதான். இரு பக்கமும் நம் நாட்டுச் சிப்பாய்கள் இருந்தார்கள். என் பாடப்புத்தகத்தில் அவர்களில் ஒருவர் பெயரும் இல்லை. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

கடைசி இடம் புதுச்சேரியேதான். ஓராண்டுக்குள், 1761 ஜனவரியில், நகரம் வீழ்ந்தது. ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1766-இல் பாரிசில் லாலியின் தலையை வெட்டினார்கள். பழைய பிரெஞ்சு வீடுகள் என்று நாம் விருந்தாளிகளுக்குக் காட்டுகிறோமே, அவை அந்த இடிபாட்டுக்குப் பின் எழுந்தவை. திரும்பும்போது அந்தத் தெருவிலும் வேனை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். போர்க்களம் அதுவரை நீள்கிறது.