திக்குத் தப்பிய அறிவு

“மூளையைக் கசக்கிப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை” என்கிறோம். இலையைக் கசக்கிச் சாறெடுப்பதைப் போன்ற வீட்டுவேலை அது. இதே முயற்சியை ஆங்கிலேயர் “ரேக் யோர் ப்ரெய்ன்ஸ்” என்பர். ரேக் என்பது வதைக்கருவி. கைகால்களை உருளைகளிற் கட்டி, மூட்டுகள் விலகும்வரை இழுக்கும் மரச்சட்டம். எட்மண்ட் கெம்பியன் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் 1581இல் இலண்டன் கோபுரச் சிறையில் அதில் வதைக்கப்பட்டார். மனிதனிடம் உண்மையைக் கக்கவைத்த கருவி, மறந்ததை மூளையிடம் கேட்டுப் பெறுவதற்கு உவமையாயிற்று.

விடை தெரியாது விழிப்பவனை “ஸ்டம்ப்ட்” என்பர். கிரிக்கெட் பித்தேறிய நம் நாட்டார் விக்கெட் காப்பாளரை நினைப்பது இயல்பே. ஆனால் இது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வழங்கிய சொல். காடழித்த நிலத்தில் மரக்கட்டை தடுக்கி ஏர் நின்றுபோவதே இதன் மூலம் என்பது பொதுவான விளக்கம்.

“அட் விட்ஸ் எண்ட்”, அறிவின் எல்லையில் நிற்றல், மற்றொரு பழந்தொடர். 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியம் இதனைப் பரவலாக்கியது. 107ஆம் சங்கீதத்தில், புயலிற் சிக்கிக் குடிகாரரைப்போலத் தள்ளாடும் கடலோடிகளின் நிலையைக் கூற இத்தொடர் வருகிறது. எபிரேய மூலத்திலோ “எல்லை” இல்லை. அவர்களது ஞானம் விழுங்கப்பட்டது என்பதே அதன் நேர்ப்பொருள். ஆக, ஆங்கில மொழிபெயர்ப்பாளர்களும் சொல்லுக்குச் சொல் வைக்கவில்லை. தம் மக்கள் வாயிலிருந்த தொடரையே எடுத்தாண்டனர். யாழ்ப்பாணத்தில் 1840களில் பீற்றர் பேர்சிவல் பாதிரியாருடன் விவிலியத்தைத் தமிழாக்கிய ஆறுமுக நாவலர் முன்னும் இதே கேள்வி நின்றிருக்கும்.

அக்கேள்வி என்முன் நின்றது பொத்துவிலில். 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை கரையோரக் குடியிருப்புகளை வாரிச்சென்று, அறுகம்பைப் பாலத்தையும் சிதைத்திருந்த நாட்கள் அவை. “மக்கள் செய்வதறியாது திகைத்தனர்” என்று நாளுக்கு நாள் எழுதி அனுப்பினேன். பத்திரிகைக்காரன் கைவசம் எப்போதும் இருக்கும் தொடர் அது. தோணியை இழந்த முதிய மீனவர் ஒருவர் சொன்னார்:

“தம்பி, கடல்ல திக்குத் தப்பினா வெள்ளியப் பார்த்துக் கரைக்கு வந்திருவம். கரையிலயே திக்குத் தப்பினா எதப் பார்க்கிற?”

திக்குத் தெரியாமை என்று நாம் எழுதித் தேய்த்த சொல்லுக்குள் ஒரு கடல் இருந்ததை அன்றுதான் அறிந்தேன். ஆங்கிலத் தொடரைப் பெயர்க்க வேண்டிவரும்போதெல்லாம் இப்போது அகராதியை இரண்டாவதாகவே திறக்கிறேன். அந்நிலையில் நின்ற நம்மவர் என்ன சொன்னார் என்று நினைத்துப் பார்ப்பதே முதல் வேலை.